மூன்றாவது கொக்கி

ஊரில் அவரைப் புள்ளிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வங்கி வாசல்களில் தொங்கும் விலைப்பலகை செய்வது அவர் தொழில். எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டின் ஒரு நோட்டுக்கு நம் பணம் எவ்வளவு என்று சொல்லும் பலகை அது. தகரத்தில் வெட்டி வர்ணமடித்த எண்களைக் கொக்கிகளில் மாட்டினால் அன்றைய விலை. நடுவில் வரும் புள்ளியை மட்டும் சிவப்பில், சட்டைப் பொத்தான் அளவுக்குப் பெரிதாகப் போடுவார். "புள்ளி கண்ணுல படலன்னா எட்டு எம்பதாயிடும், அப்புறம் சண்டைக்கு வருவாங்க" என்பார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

மனிதரின் வாழ்க்கையைப் பலகையை வைத்தே சொல்லிவிடலாம். அப்பாவின் பட்டறையில் அவர் வேலைக்கு உட்கார்ந்தபோது புள்ளிக்கு முன்னால் ஒரே ஒரு கொக்கி, விலை ஆறு. அவருக்குக் கல்யாணம் ஆனபோது எட்டு. மகன் நடக்கத் தொடங்கியபோது ஒன்பதைத் தாண்டியிருந்தது. அப்புறம் ஒருநாள் வங்கியிலிருந்து ஆள் வந்து, எல்லாப் பலகையிலும் இரண்டு கொக்கி வேண்டும், வெளியே மூச்சு விடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைசிப் பலகையை மாட்டிய மறுநாள் காலை விலை பதினாறு. அந்தக் கூலியில் அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அறுப்பு மெஷின் வரவழைக்கலாம் என்றிருந்தவருக்கு அதன் பிளேடு மட்டும்தான் வாங்க முடிந்தது. அது இன்றைக்கும் பட்டறைச் சுவரில் துருப்பிடித்துத் தொங்குகிறது.

அதிலிருந்து புள்ளிக்காரர் ஒரு பாடம் படித்தார். முதலில் பலகை, பிறகுதான் விலை. பாவம், அதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார்.

விலை எண்பத்து நான்கில் நின்ற ஒரு திங்கட்கிழமை, பெரிய வங்கியின் மேனேஜரே பட்டறைக்கு வந்தார். வந்தவர் கதவைத் தானே சாத்தினார்.

"எல்லாக் கிளைக்கும் புதுப் பலகை வேணும். புள்ளிக்கு முன்னாடி மூணு கொக்கி."

"மூணா? இப்ப எம்பத்தி நாலுதானே சார்?"

"கேள்வியெல்லாம் வேணாம். புதன்கிழமை வேலை முடிஞ்சிருக்கணும். வீட்லகூடச் சொல்லாதீங்க."

கிளம்பும்போது அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் காலை வெளியே வைத்தார். புள்ளிக்காரருக்கு உடனே தங்கையின் நினைப்பு வந்தது.

தங்கை புருஷனை இழந்தவள். அவர் விட்டுப்போன தையல் கடையை அப்போதுதான் விற்றிருந்தாள். மகளுக்கு அந்தப் பக்கத்து நாட்டில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஃபீஸை அந்த நாட்டுப் பணத்தில்தான் கட்ட வேண்டும். கடைப் பணத்தில் பாதி கைக்கு வந்துவிட்டது, மீதியை வியாழன் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எண்பத்து நான்கு என்ற கணக்கில் மொத்தமும் மாற்றினால் ஃபீஸுக்குச் சரியாக இருக்கும். ஒரு காசுகூட மிஞ்சாது.

அன்று மாலையே அவள் வந்தாள்.

"அண்ணா, கடைத்தெருவுல எல்லாரும் ஒரு மாதிரி பேசிக்கறாங்க. கையில இருக்கற பாதியை நாளைக்கே மாத்திடட்டுமா?"

"ஓடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் சிக்கனம் என்று ஒரு சனியன் இருக்கிறதே, அது குறுக்கே வந்து நின்றது.

"எதுக்கு ரெண்டு தடவை கமிஷன் அழணும்? மீதியும் வரட்டும், மொத்தமா மாத்திக்கலாம்."

"அதுக்குள்ள ஏறிட்டா?"

அவர் மேசைமேல் புதுப் பலகையை மூடியிருந்த துணியை விலக்கிக் காட்டினார். "இதை மாட்டாம ஏறாது. மாட்டப்போறது யாரு? நான்தானே. உன் பணத்தை மாத்தின பிறகுதான் இது இந்தப் பட்டறையை விட்டு வெளிய போகும். நீ நிம்மதியா போய்த் தூங்கு."

அவள் அந்தக் கொக்கிகளை எண்ணிப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் அண்ணன் சொல்லி அவள் எதையும் தட்டியதில்லை.

புள்ளிக்காரர் வேலையை ஜவ்வாக இழுத்தார். வர்ணம் காயவில்லை என்றார், கொக்கி கோணலாக வந்துவிட்டது என்றார். புதன்கிழமை மேனேஜர் போனில் கத்தினார். வியாழக்கிழமை போனே வரவில்லை.

"பாத்தியா, அடங்கிட்டாரு" என்று மனைவியிடம் மார்தட்டிக்கொண்டார்.

"அவ்வளவு அவசரப்படுத்தினவர் ஏங்க சும்மா இருக்காரு?" என்றாள் மனைவி. "எதிர்ச் செருப்புக் கடையில விலைச்சீட்டையெல்லாம் கழட்டறாங்க. ஷட்டரைப் பாதி இறக்கிட்டாங்க. எனக்கு என்னமோ நல்லதாப் படல."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏற்கெனவே வழவழப்பாக இருந்த பலகையை மறுபடி தேய்த்தார்.

சொன்னபடி வியாழன் மாலை மீதிப் பணம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை அண்ணனும் தங்கையும் வங்கிக்குப் புறப்பட்டார்கள். தெருமுனை திரும்பும்போதே கூட்டம் தெரிந்தது. அத்தனை பேர் நின்றும் சத்தமே இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

பழைய பலகை அதே இடத்தில் எண்பத்து நான்கைக் காட்டிக்கொண்டு தொங்கியது, அவருடைய சிவப்புப் புள்ளியோடு. அதற்குக் கீழே, கண்ணாடிக் கதவில், ஏதோ அட்டைப்பெட்டியிலிருந்து கிழித்த துண்டு ஒன்றை ஒட்டியிருந்தார்கள். தடித்த பேனாவால் கோணல்மாணலாக எழுதியிருந்தது: 152. அவர் கண் தன்னையறியாமல் புள்ளியைத் தேடியது. புள்ளியே வைக்கவில்லை.

மேனேஜர் கதவுக்கு உள்ளிருந்து அவரைப் பார்த்துவிட்டார். லேசாகத் திறந்து, "உங்க பலகை இனிமே வேணாம்" என்றார். "தினமும் மாறுமாம். சில நாள் மத்தியானத்துலயே மாறுமாம். அட்டையும் பேனாவும் போதும்னு சொல்லிட்டாங்க."

அட்டை. ஊரின் விலையையே பட்டறையில் பூட்டி வைத்திருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டு அட்டை போதுமாக இருந்திருக்கிறது.

தங்கை பணப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அண்ணா, செவ்வாய்க்கிழமையே வந்திருந்தா பாதி ஃபீஸாவது கெடச்சிருக்கும், இல்ல?"

"கெடச்சிருக்கும்மா" என்றார்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவரும் பின்னால் போய் நின்றார். அவர்களுக்கு முன்னால் இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள். அப்போது கதவு திறந்து காவலாளி வெளியே வந்தார். கண்ணாடியிலிருந்த அட்டையைப் பிய்த்தெடுத்தார். அவருடைய இன்னொரு கையில் வேறொரு அட்டை இருந்தது.