என் பக்கம் சரிந்த நிரை

தேயிலை வெட்டும் மிஷினை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். நிரைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். செடிக்கு மேலே பிளேடு சமமாக ஓடினால் பின்னால் கட்டிய பைக்குள் கொழுந்து மட்டும் விழும். ஒருவர் கை இரண்டு விரற்கடை இறங்கினாலும் முத்தல் இலையும் குச்சியும் சேர்ந்து வரும். அந்த இடம் மறுபடி தளிர்க்க மாதக்கணக்கில் ஆகும். புதிதாக மிஷின் பிடிக்க வருகிறவர்களுக்கு இதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். கை ஏன் இறங்குகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. அதனால் எழுதுகிறேன்.

மணியமும் நானும் பதினோரு வருடம் ஒரே மிஷின். இரண்டு பேரும் ஆறாம் வகுப்போடு நின்றவர்கள். தோட்டத்து லைன் வீடுகளில் அடுத்தடுத்த வீடு. எஞ்சின் பக்கம் அவன், மறுபக்கம் நான். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. எனக்கு அது வசதியாக இருந்தது.

ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் நேரத்தில், எங்கள் மலைக்குப் புதுக் கங்காணி வேண்டும், யாருக்கு விருப்பம் என்று தோட்டத்தை நடத்தும் துரை கேட்டார். எந்த மலை முந்தித் தளிர்க்கும் என்பது மணியத்தைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அத்தனை பேர் நடுவில் கை தூக்க எனக்கு வரவில்லை. பக்கத்தில் நின்ற மணியம் தூக்கிவிட்டான். ஒரு மாதம் மிஷினையும் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொள், சரியாக இருந்தால் வேலை உனக்கு என்று துரை சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மணியத்தின் மனைவி கேசரி கொண்டுவந்து கொடுத்தாள். நன்றாக இருக்கிறது என்றேன். அவள் போனதும் மூடி வைத்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து என் பக்கம் இறங்க ஆரம்பித்தது. முதல் இரண்டு நாள் தோள்பட்டை வலி என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் பையில் குச்சி கிடந்ததைப் பார்த்தேன். பார்த்த பிறகும் கையைத் தூக்கவில்லை. மணியம் மேலே, மேலே என்று தலையால் ஜாடை காட்டினான். புரியாதவன் போல நடந்தேன்.

வாரக் கடைசியில் பேக்டரியில் அந்தக் கொழுந்தை எடுக்கவில்லை. ஆபீஸில் கணக்குப் பார்க்கும் கிராணி மலைக்கு வந்தார். ரோட்டில் நின்றாலே தெரிந்தது. ஆறு நிரை, கூரை மாதிரி ஒரு பக்கம் சரிந்து கிடந்தது.

"என்னா மணியம், செடிய வெட்டுனியா, செரைச்சியா? கங்காணியாகப் போற ஆளு செய்ற வேலையா இது?"

எந்தப் பக்கம் சரிந்தது என்று மணியத்துக்குத் தெரியாமல் இல்லை. என்னை ஒரு தடவை பார்த்தான்.

"பிளேடு லூசா இருந்துச்சு கிராணி. காலைல நான்தான் செக் பண்ணல."

துரையிடம் அப்படியே சொல்லிவிடுகிறேன், அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு கிராணி போனார். மணியம் மிஷினைத் துடைத்துக்கொண்டே பேசினான். குரலில் கோபம் இல்லை, களைப்புதான்.

"வேணும்னா நீ கை தூக்கியிருக்கலாம்ல சேகரு. நீ தூக்குவேன்னு கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டுதான்டா நின்னேன்."

மறுநாள் பெரட்டுக்கு முன்பே ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். லீவு கேட்க வந்திருக்கிறேன் என்று துரை நினைத்தார்.

"இல்ல துரை. அந்த ஆறு நிரை... பிளேடு நல்லாத்தான் இருந்துச்சு. என் கைதான் எறங்குச்சு. தெரிஞ்சுதான் செஞ்சேன்."

அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. என்னை மிஷினிலிருந்து எடுத்துப் புல் வெட்டப் போட்டார். மாதம் முடிந்ததும் மணியம் கங்காணியானான். புல் வெட்டப் போகும் வழியில் தினமும் அந்த ஆறு நிரையைக் கடந்துதான் போக வேண்டும். அது தளிர்த்து மட்டமாகிற வரைக்கும் பார்த்தேன்.

இப்போது மறுபடி மிஷின் பிடிக்கிறேன். எஞ்சின் பக்கம் ஒரு பங்களாதேஷ்காரர். மணியம் மேலே ரோட்டில் நின்று வேலை சொல்வான், நான் செய்வேன். பேசிக்கொள்கிறோம், முன்போல இல்லை. போன மாதம் அவன் மகளுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. கேட்டதும் வயிறு எரிந்தது. இந்த வயதிலும் எரிகிறது. போய்விடும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அப்படிப்பட்ட நாளில் என் கையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். ஒரு விரற்கடை மேலேயே பிடிக்கிறேன். பையில் கொழுந்து கொஞ்சம் குறையும். குறையட்டும்.