வெந்நீர் டாக்டரும் ஒரு மாத்திரை அட்டையும்

தன் காதிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி, எதிரே உட்கார்ந்து இருமுகிறவரின் காதில் மாட்டிவிடுகிறார் டாக்டரம்மா. "உங்க நெஞ்சுதான், நீங்களே கேளுங்க. விசில் அடிக்குதா? மூச்சுக்குழாய் வீங்கியிருக்கு, அதான். நுரையீரல் சுத்தமா இருக்கு." வந்தவர் தன் நெஞ்சுக்குள் நடக்கும் கச்சேரியை வாய் பிளந்து கேட்பார். முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "அப்ப ஆன்டிபயாடிக் எழுதறீங்களா?"

எழுதமாட்டார். இந்த இருமல் பெரும்பாலும் வைரஸின் வேலை, அந்த மாத்திரை அடிப்பதோ பாக்டீரியாவை. "திருடன் ஓடினது ஒரு தெரு, நீங்க போலீசை அனுப்பறது வேற தெரு. அங்க அப்பாவிங்கதான் அடி வாங்குவாங்க. அப்புறம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு என்கிட்டயே வருவீங்க." சளி பச்சையாக வருகிறதே என்று பயந்தாலும் மசியமாட்டார். வெந்நீர், தேன், ஓய்வு என்று சொல்லி அனுப்பிவிடுவார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்தான் வெந்நீர் டாக்டர்.

வீம்பு என்று நினைத்துவிட வேண்டாம். காய்ச்சலோடு மூச்சிரைக்க வந்த தையல்காரம்மாவின் நெஞ்சில் நிமோனியாவின் சத்தம் கேட்டதும், தயங்காமல் அதே ஆன்டிபயாடிக்கை எழுதினார். "எழுத வேண்டிய இடத்துல எழுதத்தானே பேனா வச்சிருக்கேன்?"

ஆனால் பேனா சும்மா கிடக்கும் கிளினிக்குக்கு யார் வருவார்கள்? டோக்கன் கொடுக்க உட்கார்ந்திருக்கும் நாத்தனார் புலம்பித் தீர்ப்பார். "அண்ணி, எதிர் கிளினிக்ல நிக்க இடமில்ல. நம்ம பெஞ்சுல ஈ உக்காரக்கூட யோசிக்குது. இப்படியே போனா இழுத்து மூட வேண்டியதுதான்." டாக்டரம்மா சிரித்து மழுப்புவார். ராத்திரியில் வாடகைக் கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்ப்பார்.

அந்த நேரத்தில்தான் பக்கத்துக் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறுகிறவர் வந்தார். வெண்கலத் தொண்டை. அவர் நல்லது என்றால் சந்தை முழுக்க நல்லது என்னும். அன்றைக்கு இருமி இருமி அந்தத் தொண்டையில் காற்றுதான் வந்தது. "டாக்டரம்மா, எனக்குச் சோறு போடுறதே இந்தத் தொண்டைதான். நல்ல பவரா ஒண்ணு எழுதுங்க."

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை முன்னும் பின்னும் வைத்துக் கேட்டார், அவரையும் கேட்க வைத்தார். "காய்ச்சல் ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஓடி வாங்க. இல்லைன்னா ரெண்டு மூணு வாரம் இருமிட்டுத் தானா அடங்கும். அதுவரைக்கும் கத்தக்கூடாது."

அவர் நேராக எதிர் மெடிக்கலுக்குப் போனதை நாத்தனார் ஜன்னல் வழியே பார்த்துவிட்டார். "ஆன்டிபயாடிக் அட்டையை வாங்கிச் சட்டைப் பைக்குள்ள போட்டாச்சு அண்ணி. குணமானா பேர் மாத்திரைக்கு. ஆகலைன்னா பேர் உங்களுக்கு."

அன்றிலிருந்து சந்தைப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் டாக்டரம்மா வேலை பார்த்தார். வேறு யாரோ ஈனக்குரலில் ஏலம் கூறிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு காலையில், "ஒரு தரம்!" என்று கூரைகளைத் தாண்டி வந்தது அந்தக் குரல். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மாத்திரை பேசுது" என்றார் நாத்தனார்.

அன்று ஏலம் முடிந்ததும், இருமிக்கொண்டிருந்த மூட்டை தூக்குகிறவர்களையெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார் ஏலக்காரர். பெஞ்ச் நிறைந்து, சிலர் நிற்க வேண்டியிருந்தது. சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினார். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

"பிரிக்கத்தான் போனேன். நெஞ்சுக்குள்ள கேட்ட விசில் ஞாபகம் வந்துச்சு. சரி, இன்னைக்கு ஒரு நாள் பாப்போம்னு தள்ளித் தள்ளி, விசிலே நின்னு போச்சு!"

நாத்தனார் எட்டிப் பார்த்து மாத்திரைகளை எண்ணினார். ஏலக்காரர் பெஞ்ச் பக்கம் திரும்பித் தொண்டையைத் திறந்தார். "பிரிக்காத அட்டை! கேக்கிறவங்க கேக்கலாம்! ஒரு தரம்!"

ஒருவர் இருமினார், அது ஏலம் கேட்டதாகிவிடுமோ என்று அவசரமாகக் கையை ஆட்டி, "நான் கேக்கலை" என்றார்.

"ரெண்டு தரம்!"

டாக்டரம்மா முழங்காலைத் தட்டிப் பார்க்கும் ரப்பர் சுத்தியலை எடுத்து, "மூணு தரம்!" என்று மேஜையில் ஒரு போடு போட்டார்.