கடும்வெட்டு ஜெனிலின் பங்குக் கணக்கு

என் தங்கை புருஷன் ஜெனிலைக் கண்டால் எனக்கு முதலில் கோபம் வரும், பிறகுதான் சிரிப்பு வரும். அமரவிளையில் என் தையல்கடைக்கு எதிர்ச்சந்தில்தான் அவன் வீடு. அம்பூரி மலைப்பக்கம் வயசான ரப்பர் மரங்களைக் கடும்வெட்டுக்கு எடுப்பது அவன் தொழில். மரத்தை முறித்துவிட்டுப் புதுக்கன்று வைக்கப் போகிறவர்கள், முறிப்பதற்கு முன்னால் கடைசிக் காலத்துக்கு அதை இவனைப் போன்றவர்களிடம் விட்டுவிடுவார்கள். இனி மரம் பிழைக்க வேண்டியதில்லை அல்லவா? ஒரு பக்கம் மட்டும் பார்த்துப் பார்த்துக் கீறுகிற மரியாதையெல்லாம் கிடையாது. சுற்றிலும் வெட்டு, ஏணி வைத்து மேலேயும் வெட்டு, பட்டையில் மருந்து தேய்த்தும் வெட்டு. பால் கொட்டோகொட்டென்று கொட்டும். அது முடிந்ததும் மரம் அறுக்கிற மெஷின் வரும்.

என் தங்கை லிஷா மஸ்கட்டில் ஒரு பணக்கார வீட்டில் படுக்கையில் கிடக்கிற வயசான அம்மாவைக் கவனிக்கிற ஹோம் நர்ஸ். மகள் ஜின்சிக்குப் பால்பல் விழாத வயசில் போனவள். ஜின்சி இப்போது பிளஸ் டூ. சோறூட்டியதும் தலை பின்னியதும் இந்த விமலகுமாரிதான், வேறு யார்? லிஷா லீவில் வரும்போது மகளின் அளவு தெரியாமல் ஒரு பெட்டி நிறைய உடுப்பு கொண்டுவருவாள். எல்லாவற்றையும் நான் பிரித்துத் தைப்பேன். அப்படித் தைக்கும்போதெல்லாம் ஜெனில்மேல் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். பெண்டாட்டியைக் கடல்தாண்டி விட்டுவிட்டு இந்த மனுஷன் இங்கே போனை நோண்டிக்கொண்டிருக்கிறானே!

போனில் அவன் பார்ப்பது பங்குச் சந்தை. அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

"எலே, அந்த சவத்த தூக்கி எறிஞ்சிட்டு வேற சோலி பாருலே. சீட்டு வெளையாடுறதும் இதும் ஒண்ணாக்கும்" என்பேன்.

"இல்ல மைனி. வெளையாடுறவன் நாளைக்கு வெலை கேறுமான்னு பாப்பான். நான் அதப் பாக்கல்ல. கம்பெனி சம்பாதிச்சதுல ஒரு பங்க வருஷாவருஷம் நம்ம கைல தருமா, அதத்தான் பாக்கேன்."

அந்தப் பங்குக்குப் பெயர் டிவிடெண்ட். அதைக் கண்டுபிடிக்க அவனிடம் ஒரு வழி இருந்தது. நாட்டில் உள்ள கம்பெனிகள் எல்லாம் ஒரு இணையதளத்தில் வரிசையாகக் கிடக்கும். நாம் நிபந்தனை போட்டால் அது வடிகட்டித் தரும். கடன் அதிகம் வைத்திருக்கிறவன் போ. பத்து வருஷத்தில் ஒரு வருஷம் நஷ்டம் காட்டினாலும் போ. சம்பாத்தியத்துக்கு மிஞ்சிய விலை சொல்கிறவன் போ. டிவிடெண்ட் கொடுக்காதவன் போவே போ. கடைசியில் ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். அந்தக் கைப்பிடியையும் அவன் அப்படியே நம்பமாட்டான். ஒவ்வொன்றின் ஆண்டறிக்கையையும் இறக்கிவைத்துப் படிப்பான். புரியாத இங்கிலீஷுக்கு ஜின்சியைக் கூப்பிடுவான். அவள் பாடப்புத்தகத்தைவிட அதை அதிகம் படித்திருப்பாள், பாவம்.

இந்த விலை பார்க்கிற புத்தி அவனுக்கு எங்கே போனாலும் உண்டு. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த காய்கறி, கோழி எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். அங்கே யாரும் பொருளுக்கு விலை கேட்பதில்லை, ஆண்டவருக்குக் கொடுக்கிறோம் என்றுதான் கேட்பார்கள். ஐந்நூறு ரூபாய்க் கோழி ஐயாயிரத்துக்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்பவும் ஏலத்துக்கே விடுவார். ஒரு வருஷம் ஒரு சேனைக்கிழங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏலக்காரர் ஜெனிலைப் பார்த்தார். இவன் எழுந்து, "இது எத்தன கிலோ காணும்?" என்று கேட்டானே பார்க்கலாம்! சபையே சிரித்துவிட்டது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். அப்புறம் பார்த்தால் காணிக்கைப் பையில் பெரிய நோட்டாக ஒன்றை மடித்துப் போடுகிறான். "காணிக்கை வேற, வெலை வேற மைனி" என்றான். இவனை என்ன செய்ய?

அவனுக்கும் லிஷாவுக்கும் ஒரு ஒப்பந்தம் இருந்தது. டிவிடெண்டும் அவன் வெட்டு வருமானமும் சேர்ந்து வீட்டுச் செலவைத் தொட்டுவிட்டால், லிஷா பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். அவள் அனுப்பியதில் மிச்சம் பிடித்து மாசாமாசம் வாங்கினான். நூறு ரூபாய் போட்டால் வருஷத்துக்கு இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் தருகிற பங்குகள். பங்கு கூடக் கூட வருமானம் கூடியது, ஆனால் ஆமைபோலத்தான் கூடியது.

போன வருஷம் ஓணத்துக்கு முன்னால் மஸ்கட் மேடம் லிஷாவிடம் கேட்டார்கள். இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கிறாயா, இல்லை ஊருக்குப் போகிறாயா? ஓணம் கழிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். ஜெனிலின் கணக்கோ இன்னும் எட்டவில்லை. அந்த நாட்களில் அவன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. ஜின்சி வேறு, "அம்மை இந்தத் தவணை வந்தா, திரும்பப் போவாதபடி அந்தப் பெட்டிய ஒடச்சுப் போடுவேன், பாருங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்போதுதான் அந்தக் கம்பெனி வந்து மாட்டியது. வடக்கே எங்கேயோ இயந்திர உதிரிபாகம் செய்கிற கம்பெனி. வடிகட்டி எடுத்ததை, அதிகம் டிவிடெண்ட் தருகிறவன் மேலே வரும்படி ஜெனில் அடுக்கிப் பார்த்திருக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலே இது நின்றது. நூற்றுக்குப் பன்னிரண்டு! கடன் இல்லை, நஷ்டம் இல்லை, விலையும் மலிவு. எல்லா நிபந்தனையிலும் தேறிவிட்டது. வைத்திருந்த மற்றப் பங்குகளில் பாதியை விற்று அதில் போட்டான். ஆண்டறிக்கையைப் படித்தானா என்றால், இல்லை. எப்போதும் படிக்கிறவன் அன்றைக்குப் படிக்கவில்லை. ஓணம் பக்கத்தில் வந்துவிட்டதே!

சாயங்காலம் என் கடை வாசலில் நின்றே லிஷாவை அழைத்தான். "மேடத்திட்ட இல்லன்னு செல்லீரு. கணக்கு எட்டியாச்சு" என்றான். அந்தப் பக்கம் அவள் அழ, இந்தப் பக்கம் நான் அழ, தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையில் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அம்பூரி விஜயம்மாவின் கல்யாணவீட்டு ரவிக்கைகளைக் கொடுக்க ஜெனிலின் வண்டியில் நானும் போனேன். விஜயம்மா என்னுடைய பழைய கிராக்கி. அவளுடைய தோட்டத்தில்தான் அப்போது ஜெனிலுக்கு வெட்டு. மரத்துக்கு மரம் பால் பிடிக்கிற சிரட்டை நிறைந்து வழிந்தது. விஜயம்மா சிரித்துச் சிரித்து ஒரு சங்கதி சொன்னாள்.

"கேட்டியா விமலே, நேற்று திருவனந்தபுரத்துல இருந்து ஒரு ஆளு வந்து. நான் புதுக்கன்னு வைக்கப் போற விவரம் அங்ஙேருக்குத் தெரியாது. பாலு வழியுறதக் கண்டு வாயப் பிளந்து நிண்ணாரு. அம்மே, இத்தன பாலு தருற தோட்டத்துக்கு என்ன வெலை வேணும், இப்பளே அட்வான்ஸ் தரட்டான்னு கேக்காரு! பாவம் தோணி, உள்ளதச் செல்லி அனுப்பினேன்."

நான் சிரித்தேன். ஜெனிலும் என்னைவிடச் சத்தமாகச் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் வாய் அப்படியே நின்றுவிட்டது. பால் வாளியைக் கீழே வைத்தான். போனை எடுத்துக்கொண்டு ரேஞ்ச் கிடைக்கிற மேட்டைப் பார்த்து ஏறினான். என்னவோ ஏதோ என்று நானும் மூச்சு வாங்கப் பின்னாலேயே போனேன்.

மேட்டில் உட்கார்ந்து அந்தக் கம்பெனியின் அறிவிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். கம்பெனி எதையும் ஒளிக்கவில்லை. பச்சையாகவே எழுதியிருந்தது. பழைய தொழிற்சாலையையும் அது நின்ற நிலத்தையும் விற்றோம், அந்தப் பணத்தை இந்த ஒரு தடவை மட்டும் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். அவ்வளவுதான். அந்தப் பன்னிரண்டு ரூபாய் நிலம் விற்ற பணம். அதுவும் ஜெனில் வாங்குவதற்கு முன்னாலேயே இருந்தவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. இனி வருஷத்துக்கு ஒன்றோ ஒன்றரையோ வந்தால் உண்டு.

"கடும்வெட்டு மைனி" என்றான். "கம்பெனிக்கக் கடும்வெட்டு. நாள் முழுக்க இதே சோலி செய்யுறவன் நான். எனக்கே மனசிலாகல்லியே."

அவன் இடத்தில் வேறு யாராவது இருந்தால் நாலு கேள்வி நறுக்காகக் கேட்டிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். அங்கேயே உட்கார்ந்து அந்தப் பங்கை விற்றான். கொஞ்சம் கையைக் கடித்தது. பெரிய பள்ளம் ஒன்றும் இல்லை, மற்றப் பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஆனால் எட்டியாச்சு என்று சொன்ன கணக்கு எட்டவில்லை. லிஷா மேடத்திடம் சொல்லிவிட்டாளோ என்னவோ, அதுவும் தெரியாது.

வண்டியில் ஏறியதும் நான் மெல்லச் சொன்னேன். "மக்கா, இப்ப ஒண்ணும் செல்லாத. அவ வந்து சேரட்டும். வந்த பெறவு பைய செல்லிக்கிடலாம்."

எனக்கு வேண்டியது என் தங்கை. அவள் வந்து இறங்கட்டும், கணக்கு நாசமாய்ப் போகட்டும்.

"அது அவளுக்க பைசா மைனி" என்றான் ஜெனில். "அவ அங்ங அந்த அம்மையத் தூக்கியும் புரட்டியும் சம்பாதிச்சது. அவளிட்ட மறச்சு வச்சிட்டு அவளக் கூப்பிட்டா, பின்ன நான் யாராக்கும்?"

வண்டியை ஒரு சாயாக்கடை ஓரத்தில் நிறுத்தினான். அழைத்தான். லிஷாவின் முகம் போனில் வந்தது. அந்த அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்து முடித்துக் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் சுற்றி வளைக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னான். நிலம் விற்ற காசு, தான் படிக்காமல் வாங்கியது, விற்றது, எல்லாம். போச்சு என்று நினைத்தேன். இதோ, இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

அவள் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். "எவ்வளவு கொறையுது?" என்று கேட்டாள்.

"வீட்டுச் செலவுல மூணுல ஒரு பங்கு."

"நீங்க போட்ட கணக்க ஒண்ணு படிச்சுக் காட்டுங்க பாப்போம்."

அவன் படித்தான். டிவிடெண்ட் இவ்வளவு. கடும்வெட்டில் மாசத்துக்குச் சராசரி இவ்வளவு. வீட்டுக்குப் பின்னால் நிற்கிற தெங்கில் இவ்வளவு.

"செரி. எனக்கப் பேருக்கு நேர எவ்வளவு போட்டிருக்கு?"

ஜெனில் என்னைப் பார்த்தான். நான் சாயாக்கடையைப் பார்த்தேன். "நீ இஞ்ச வந்தா பின்ன சம்பளம் இல்லல்லா..." என்று இழுத்தான். "பூஜ்யம் போட்டிருக்கு."

அவள் சிரித்தாள். சந்தோஷத்தில் சிரித்த சிரிப்பில்லை அது.

"நாட்டுல உள்ள கம்பெனிக்கெல்லாம் இருந்து இருந்து வெலை பாத்தீங்க. கெட்டுனவளுக்குப் பூஜ்யமாக்கும்?"

ஜெனில் தலையைக் குனிந்தான். நானும்தான்.

"இஞ்ச பாருங்க" என்றாள் லிஷா. "நான் இஞ்ச பாக்குற அம்மைக்கு மக்கமாரு எல்லாம் பக்கத்து ரூம்லதான் இருக்கினும். நெய்யாற்றங்கரைலயும் காரோட்டுலயும் கெடப்புல கெடக்குற அம்மைமாருக்கு யாரு உண்டு? மக்க எல்லாம் இஞ்சல்லா இருக்கினும்! ஞாயிறாழ்ச்ச ஆராதன முடிஞ்சு வெளிய எறங்குனா அந்த மக்க எனக்கக் கையப் பிடிச்சுக் கேக்கினும், லிஷா நீ ஊருக்குப் போவியா, சம்பளம் தாறேன், எனக்க அம்மைய நம்பி விட ஒரு ஆளு இல்லியேன்னு. நான் மேடத்திட்ட அன்னைக்கே இல்லன்னு செல்லியாச்சு. உங்க கணக்கு எட்டுனதுக்காவ மட்டும் செல்லல்ல."

"அன்னைக்கேவா?" என்று நான் கத்திவிட்டேன். சாயாக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்!

"பின்ன என்னக்கா? ஓணத்துக்கு முந்துன வாரம் டிக்கெட்."

ஜெனில் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். அத்தனை ஆண்டறிக்கையைப் படித்தவன், தன் வீட்டு ஆளைப் பற்றி ஒரு வரி படிக்கவில்லை. நானும்தான் என்ன பெரிதாகப் படித்தேன்? அவளை வா வா என்று அழத் தெரிந்தது, அவள் வந்து என்ன செய்வாள் என்று ஒருநாள் கேட்டேனா?

அவன் போனைத் தன் பக்கம் திருப்பினான். "அப்பம் லிஷா, உனக்கப் பேருக்கு நேர எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்கவில்லை. மரியாதையாகத்தான் கேட்டான்.

"அந்த எடத்தக் காலியா விடுங்க" என்றாள் லிஷா. "நான் வந்து போட்டுக்கிடுறேன்."