ஒட்ட வராத படம்

தர்சினிக்கு ஆட்களோடு கதைப்பதென்றால் நா ஒட்டிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள். தெல்லிப்பழையில் குகதாசன் நடத்திய ஸ்டூடியோவில் சேர்ந்ததே, அங்கே வாய்க்கு வேலையில்லை என்பதால்தான். விசேஷ வீடுகளில் கமராவிலிருந்து ஒரு நீள வயர் லப்டொப்புக்கு ஓடும். அந்த முனையில் அவர் எடுக்க, இந்த முனையில் அவளுடைய திரையில் படம் வந்து விழும். யார் கண்ணை மூடினார்கள், யாருடைய சங்கிலி பிரண்டு கிடக்கிறது என்று பார்த்துக் கை காட்டினால் போதும்.

மிச்சம் ஸ்டூடியோவில். ஒரு செயலியில் நிறம் பார்த்து, இன்னொன்றுக்கு அனுப்பி முகத்தைத் துப்புரவாக்குவாள். கனடாவில் நிற்கும் மகனை வெட்டி, ஊரில் எடுத்த படத்தில் தாய்க்குப் பக்கத்தில் ஒட்டுவதில் அவளை வெல்ல ஆளில்லை. "தங்கச்சி விசா இல்லாமலே ஆளைக் கொண்டுவந்திடுவாள்" என்று குகதாசன் பகிடி பண்ணுவார்.

இப்போது அவளுக்கு வேறு வேலை, வேறு ஊர். ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால், தொண்டைமானாற்றில் நிவேதனா என்ற பிள்ளை பெரியவளானதற்கு வைத்த சாமத்திய வீடுதான் முதலில் வந்து நிற்கும்.

கடலுக்குப் போன நிவேதனாவின் தகப்பன் கரை திரும்பாமல் அப்போது நாலு வருடம். ஆலாத்தி எடுக்கப் பெண்கள் சோடி சோடியாக மேடைக்கு ஏறினார்கள். தாய் கனகாம்பிகை ஏறவில்லை. தாலி இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்கக்கூடாதென்று தானாகவே ஒதுங்கி, தர்சினியின் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள். பெற்ற பிள்ளையின் சடங்கை அவள் பார்த்தது அந்தத் திரையில்தான்.

"கொஞ்சம் பெருசாக்கும், பிள்ளை. தகப்பன்ரை மூக்கு, பாத்தீரோ?"

தர்சினி பெருசாக்கினாள்.

எல்லோரும் இறங்கிய பிறகு, "எனக்கும் அவளுக்கும் ஒரு படம் எடுக்கேலுமோ?" என்று கனகாம்பிகை மெல்லக் கேட்டாள். அது தகப்பனின் தமக்கை பராசக்தியின் காதில் விழுந்துவிட்டது.

"கனகம், நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்டெண்டால் ஊர் உன்னைத்தான் சொல்லும்." பிறகு அவவுக்கே மனம் கேட்கவில்லை. "தனித்தனிய எடுத்து ஒட்டலாம்தானே. லண்டனிலை நிக்கிற என்ரை மூத்தவனை உந்த ஸ்டூடியோக்காரர்தான் ஒட்டித் தந்தவை. அச்சா நிக்கிறான்."

கனகாம்பிகை தலையை ஆட்டினாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தனியே நிற்கச் சுவரோரம் நகர்ந்தாள்.

தர்சினி லப்டொப்பை விட்டு எழும்பினாள்.

"அன்ரி, தள்ளி நிக்கிற ஆக்களை ஒட்டலாம். தாய் மகளைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது ஒட்ட வராது."

பச்சைப் பொய். போன கிழமைதான் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு கையைப் பிசகாமல் ஒட்டிக் கொடுத்திருந்தாள். குகதாசனுக்கும் தெரியும். அவர் வயரைக் கழற்றி, ஊதி, திரும்பச் செருகினார்.

"ஓம் அக்கா, வராது."

பராசக்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. "நல்ல மெசின் வச்சிருக்கிறியள். சரி, ஆலாத்தியும் முடிஞ்சுது. கெதியா எடுங்கோ."

மேடையில் கனகாம்பிகைக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நிவேதனாவே அந்தக் கையை இழுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். படம் திரையில் வந்து விழுந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

தர்சினி கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"கண் மூடுப்பட்டிட்டுதாம். அப்பிடியே நில்லுங்கோ" என்றார் குகதாசன்.

அடுத்ததற்கும் அப்படியே காட்டினாள். அதற்கடுத்ததற்கும். "கனகம், கண்ணை முழியன்" என்று பராசக்தி கத்த, தாயும் மகளும் சிரித்து, இன்னும் நெருங்கி நின்றார்கள்.

அல்பத்துக்குத் தர்சினி தெரிவுசெய்தது முதல் படத்தை. நிறம் பார்த்து மற்றச் செயலிக்கு அனுப்பினாள். அங்கே தாயின் முகத்தில் வெயில் பட்ட கறுப்பும், கண்ணடியில் சுருக்கமும் பெரிதாக விரிந்தன. ஒன்றையும் தொடாமல் சேமித்தாள்.