நாற்பது துண்டில் ஓர் ஆள்

கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு ஆள் செய்கிற தொழிலில் கைக்குக் கிடைக்கிற சாமான் ஐந்தே ஐந்துதான்: பெட்டி, உருளை, உருண்டை, கூம்பு, சரிவுக்கட்டை. நீட்டலாம், நசுக்கலாம், வண்ணம் பூசலாம், ஒன்றுக்குள் ஒன்றைச் செருகலாம். ஓர் ஆளுக்கு மொத்தம் நாற்பது துண்டு. தலை, உடம்பு, கை, கால், துப்பாக்கி எல்லாம் அதற்குள் வந்துவிட வேண்டும். வந்த பிறகு ஆர்டர் கொடுத்தவர் திரையைப் பார்த்து, "இது நான் இல்லையே" என்பார். பாஸ்போர்ட் போட்டோ எடுப்பவர்களே, ரவிக்கை தைப்பவர்களே, கல்யாண ஆல்பம் போடுபவர்களே, உங்களுக்கு இந்த வார்த்தை பழக்கம். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

இடம் லிங்கராஜபுரம், எங்கள் தெருமுனையில் எட்டு கம்ப்யூட்டர் வைத்த ஒரு பிரவுசிங் சென்டர். காலம் இரண்டாயிரத்து மூன்று, நான்கு. நான் பி.எஸ்ஸி. கணிதம். காலையில் மல்லேஸ்வரத்தில் கல்லூரி, பிறகு இரண்டு பஸ் மாறி வந்து மூன்றிலிருந்து ஏழு வரை சென்டரில் வேலை. ஓனர் சாம் அண்ணன் எங்கள் சர்ச் ஆள். அதனால்தான் வீட்டில் விட்டார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் மெயில் பார்க்க வருவார்கள், மீதிப் பேர் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள.

கிரண் சார் பிறந்தார்

அந்தச் சுடுகிற விளையாட்டோடு ஒரு மேப் எடிட்டரும் வந்திருந்தது. தெரு, வீடு, ஆள் எல்லாம் நாமே கட்டிக்கொள்ளலாம். யாரும் அதைத் திறந்ததில்லை. கூட்டமில்லாத ஒரு மத்தியானம் நான் திறந்தேன். படம் வரைகிற பழக்கத்தில் முதலில் தலைக்கு ஓர் உருண்டை வைத்தேன், பிறகு கீழே இறங்கினேன். கடைசியில் புருவத்துக்கு ஒரு சின்னப் பெட்டி ஒட்டி விளையாட்டில் விட்டால், ஆள் கம்பீரமாக நடந்து வந்தான், தலை இல்லாமல். எண்ணிப் பார்த்தேன். புருவம் நாற்பத்தொன்றாவது துண்டு. கணக்கு மீறினால் அந்த எடிட்டர் எச்சரிக்கை தராது. முதலில் வைத்த துண்டைச் சத்தமில்லாமல் தூக்கிவிடும். அதுவும் துண்டு வைக்கும்போது எடிட்டரில் தெரியாது, ஆட்டத்தில் விட்ட பிறகுதான் தெரியும்.

புருவத்தை எடுத்துவிட்டுத் தலையைத் திருப்பி வைத்தேன். சாயங்காலம் விளையாட வந்தவர்கள் அவனைப் பார்த்துவிட்டுச் சாம் அண்ணனிடம் "யார் செஞ்சது?" என்று கேட்க, அவர் கண் இமைக்காமல், "கோரமங்களாவுல கிரண் சார்னு ஒரு டிசைனர். மெயில்ல அனுப்பறார்" என்றார். அவர்கள் போனதும் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். பொண்ணு செய்தது என்றால் ஆளாளுக்கு வந்து திருத்தம் சொல்லுவார்களாம். சரி, வாதத்துக்கு வைத்துக்கொள்வோம். அந்தப் பொய் டிசைனர் பணக்காரர்கள் இருக்கிற கோரமங்களாவில்தான் இருக்க வேண்டுமா, லிங்கராஜபுரத்தில் இருக்கக் கூடாதா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது: "லிங்கராஜபுரத்துல இருக்கார்னா எவன்மா நம்புவான்? இங்க இருக்கறவன் எல்லாம் அவனுங்ககூட டீ குடிச்சவனா இருப்பான்!"

தொப்பை வழக்கு

அதன்பின் ஆர்டர் வாங்கும் வேலை எனக்கு. கிரண் சாருக்காக ஆளின் முகத்தைப் பார்த்துக் குறிப்பு எடுப்பேன், இரண்டு நாள் கழித்து கிரண் சாரின் பெயரில் கொடுப்பேன்.

ரகு வேலூர்க்காரர், கால் சென்டரில் வேலை. வாரம் மூன்று சாயங்காலம் வருவார். அவருக்குத் தொப்பை உண்டு. நானும் உடம்பு உருளையைக் கொஞ்சம் அகலமாக இழுத்து வைத்திருந்தேன். பார்த்துவிட்டு, "சிஸ்டர், இதைப் பாதியாக்கச் சொல்லுங்க" என்றார். அது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. அந்த விளையாட்டில் துண்டு இருக்கிற இடமெல்லாம் குண்டு படும். உருளையை ஒல்லியாக்கினால் ஆளைச் சுடவே முடியாது. எல்லோரும் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நின்றால் ஆட்டம் எதற்கு?

இதையெல்லாம் சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் நான் வெறும் குறிப்பு எடுக்கிறவள் ஆயிற்றே. "டிசைனர் ஒத்துக்க மாட்டார்" என்று மட்டும் சொன்னேன். மறுவாரமும் கேட்டார். மறுவாரமும் கிரண் சார் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது தடவை ரகு பெருமூச்சு விட்டு, "அந்த ஆளுக்கு என் மேல என்ன கோபம் சிஸ்டர்? நான் அவரைப் பார்த்ததுகூட இல்லையே!" என்றார்.

பதினாறு எழுத்துத் துண்டு

இம்ரான் செருப்புக் கடையில் வேலை பார்ப்பவர். அவருக்கு முகச்சாயல் முக்கியமில்லை. சட்டை முதுகில் பெயர் வேண்டும், ஆங்கிலத்தில், பெரிதாக. எடிட்டரில் எழுத்து அடிக்க வசதி கிடையாது. எழுத்தையும் பெட்டி பெட்டியாகத்தான் கட்ட வேண்டும். ஐ-க்கு ஒன்று, எம்-முக்கு நான்கு, ஆருக்கு ஐந்து, ஏ-க்கு மூன்று, என்-னுக்கு மூன்று. பெயரே பதினாறு துண்டு சாப்பிட்டுவிட்டது. மீதி இருபத்து நான்கில் தலை, உடம்பு, கால் முடித்துத் துப்பாக்கியும் வைத்தால், இடது கைக்கு முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை.

காகிதத்தில் கூட்டல் போட்டுக் காட்டி, கை வேண்டுமா, பெயர் வேண்டுமா என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "கை நக்கோ சிஸ்டர். பேர் வேணும். கையைப் பார்த்து எவனாவது இம்ரான்னு சொல்லுவானா?"

இதைக் கேட்டுக்கொண்டிருந்த சாம் அண்ணனுக்கு ஓர் ஆசை பிறந்தது. எங்கள் மேப்பில் ஆட்டம் தொடங்குகிற இடத்தில் ஒரு சுவர் இருக்கும். அதில் டிசைனர் பெயரைப் போட்டால் சென்டருக்குக் கெத்து என்றார். போடலாமே என்றேன். "கிரண்னு போடும்மா" என்றார். அரைமணி நேரம் சண்டை போட்டேன். செய்தவளுக்குப் பெயர் இல்லை, பெயர் இருப்பவனுக்கு ஆளே இல்லை, இது எந்த ஊர் நியாயம் என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் ஆங்கிலத்தில் கிரண் என்று பதினைந்து துண்டில் நானே என் கையால் கட்டினேன். சாம் அண்ணன் தள்ளி நின்று பார்த்து ரசித்து, "என்ன இருந்தாலும் கிரண் சார் வேலை சுத்தம்மா!" என்றார்.

அக்கா

பெண் கேரக்டர் வேண்டும் என்று ஆறேழு பேர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எப்படி வேண்டும் என்றால் வாயால் சொல்லாமல் கையால் காற்றில் வளைத்து வளைத்துக் காட்டினார்கள். உருண்டை எனக்கு இரண்டு மிச்சம் இருந்தது உண்மைதான். ஆனால் அவற்றை எங்கே வைப்பது என்பதை நான்தான் தீர்மானிப்பேன். ஒன்றைக் கொண்டை ஆக்கினேன், இன்னொன்றை டிபன் பை ஆக்கினேன். கூம்பில் சுடிதார், உருளையில் குடை, காலில் தட்டையான செருப்பு. ஒரு பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்த பஸ்ஸுக்காக நிற்கிற முகம்.

முதலில் விளையாட வந்தவர் மஞ்சுநாத். கூரியர் ஆபீஸில் இருப்பவர், கன்னடக்காரர், நம்மிடம் தமிழ்தான் பேசுவார், மரியாதைக்கு ஒரு கன்னட 'ரீ' சேர்த்து. மேப்பில் அவளை நேருக்கு நேர் பார்த்ததும் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டார். பின்னாலிருந்து எவனோ அவரைச் சுட்டுத் தள்ளினான். அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னிடம் முறையிட்டார்: "என்னரீ இது? அப்படியே எங்க அக்கா மாதிரி இருக்காங்க. அக்காவை எப்படிரீ சுடறது?"

தொப்பி மட்டும் வந்த ஞாயிறு

கம்மனஹள்ளியில் இன்னொரு சென்டர் உண்டு. அவர்களோடு எங்களுக்கு ஒரு மேட்ச், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பதினொரு மணிக்கு. மேப் எங்களுடையது. எங்கள் ஐவரில் ரகு, இம்ரான், மஞ்சுநாத் மூவரும் உண்டு. ஐந்து ஆட்களையும் வெள்ளிக்கிழமையே முடித்து, ஒவ்வொன்றும் சரியாக நாற்பது என்று எண்ணி வைத்துவிட்டுப் போனேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. சுவரில் கிரண் என்ற பெயர் பளிச்சென்று நின்றது. அதன் கீழே எங்கள் ஐந்து பேரும் ஓடி வந்தார்கள். ஐந்து பேருக்கும் தலை இல்லை. தலை இருக்க வேண்டிய உயரத்தில் ஐந்து சிவப்புத் தொப்பிகள் தனியாக மிதந்து வந்தன. எங்கள் டீம் அடையாளமாக இருக்கட்டும் என்று சனிக்கிழமை சாம் அண்ணனே ஆளுக்கொரு தொப்பி வைத்திருக்கிறார். ஒன்றரை வருஷம் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் படித்த வித்தை. கணக்கை மட்டும் படிக்கவில்லை.

கம்மனஹள்ளி கேப்டன் எழுந்துவிட்டார். தலையில் சுட்டால் ஒரே குண்டில் ஆள் காலி. தலையே இல்லையென்றால் எங்கே சுடுவது, இது ஏமாற்று வேலை, சரி செய்யாவிட்டால் மேட்ச் வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். "டிசைனரைக் கூப்பிடுங்க" என்று எல்லோரும் சொல்ல, சாம் அண்ணன் மொபைலை எடுத்து ஏதோ நம்பரை அழுத்தி, காதில் வைத்து, "ஸ்விட்ச் ஆஃப்" என்றார்.

நான் பிரிண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடட்டுமே கிரண் சாரை, வரட்டுமே கோரமங்களாவிலிருந்து என்று கையைக் கட்டிக்கொண்டேன். இரண்டு நிமிஷம் அப்படியே இருந்தேன். ஆனால் திரையில் தலையில்லாமல் நின்றது கிரண் சாரின் ஆட்கள் இல்லை. முழங்கையோடு கை முடிந்த இம்ரானும், நான் மூன்று தடவை வழக்காடிக் காப்பாற்றிய தொப்பையும் எனக்குத் தெரியாதா? எழுந்து போய் சாம் அண்ணனை நகரச் சொல்லி உட்கார்ந்தேன். தொப்பியை எடு, உருண்டையை வை, அடுத்த ஆள். ஐந்து தலையும் அளவோடு மனப்பாடம்.

தோளுக்குப் பின்னால் ரகு குனிந்து, "தலைதான் போகும்னு எப்படி சிஸ்டர் தெரியும்?" என்றார்.

"முதல்ல வெச்ச துண்டுதான் போகும். நான் எப்பவும் தலையிலதான் ஆரம்பிப்பேன்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. சாம் அண்ணன் கையிலிருந்த மொபைலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கிரண் சார்?" என்றார் மஞ்சுநாத்.

"நான்தான்" என்றேன். கை மட்டும் நிற்கவில்லை. நான்காவது தலை பாக்கி இருந்தது.

யாராவது சிரிப்பார்கள், யாராவது நம்ப மாட்டார்கள், யாரிடம் எப்படி வாதாடுவது என்று பதில்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. இம்ரான் தன் திரையில் தன் முதுகை ஒரு தடவை பார்த்து, பிறகு சுவரில் இருந்த பெயரைப் பார்த்து, தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ரகு மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்போ மூணு வாரமா 'டிசைனர் ஒத்துக்க மாட்டார், ஒத்துக்க மாட்டார்'னு என் மூஞ்சியைப் பார்த்தே சொன்னது நீங்கதானா?"

சுவர்

மேட்சில் தோற்றோம். தலைகளை அத்தனை நேர்த்தியாகத் திருப்பி வைத்ததில், கம்மனஹள்ளிக்காரர்களுக்குக் குறி பார்க்க வசதியாகிவிட்டது.

திங்கள்கிழமை நான் போனபோது சுவரில் பெயர் மாற்றுகிற வேலை எனக்காகக் காத்திருந்தது. இம்ரான் செருப்புக் கடை லஞ்ச் நேரத்தில் வந்து சாம் அண்ணனிடம் பேசிவிட்டுப் போனாராம். என்ன பேசினார் என்று அண்ணன் சொல்லவில்லை. கிரணைத் துண்டு துண்டாகக் கழற்றினேன், பதினைந்து. அந்த இடத்தில் என் பெயரை, எஸ்தர் என்று ஆங்கில எழுத்தில் கட்ட ஆரம்பித்தேன். அண்ணன் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். கிரண் பதினைந்தோடு நின்றானே, நீ அதையும் தாண்டிப் போகிறாயே என்றார். அவன் நிற்பான், அவனுக்கு வேறு என்ன வேலை என்றேன். கடைசி எழுத்தின் சாய்ந்த காலை நான் ஒட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றவர், நிஜமான கவலையோடு கேட்டார்: "எல்லாம் சரிம்மா, நாளைக்கு எவனாவது வந்து கேட்டா கிரண் சார் எங்க போனார்னு சொல்றது?"

நாற்பது துண்டுக்குள் இந்தத் தெருவுக்கே உடம்பும் முகமும் மீசையும் கொடுத்த எனக்கு, என் பெயருக்கென்று இருபத்து மூன்று துண்டு வாங்க ஒன்றரை வருஷம் பிடித்தது.