ஏகாம்பரம் நிரப்பாத கட்டம்

வேலூருக்குக் கண் காட்டப் போவதற்காகச் சித்தூர் பேருந்து நிலையத்தில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தேன். வண்டி கிளம்ப இருந்த நேரத்தில் ஏகாம்பரத்தின் மகள் மேகலா, விடுமுறைக்குத் திருப்பதி வந்திருந்தவள், அழைத்தாள். "ஆன்ட்டி, நைனா பூட்டாரு. காலைல காப்பி குடிச்சிக்கினு இருந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு." நான் எழுந்து நின்றேன். நடத்துநர் தெலுங்கில், "ஏமம்மா, திகுதாரா?" என்று கேட்டார். இறங்கி, எதிர்ப்பக்கம் நின்ற திருப்பதி வண்டியில் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "அடுத்த வாரம் வாங்க மேடம், புதுசா ஒரு சொல் மாட்டிக்கீது" என்று முந்தின வாரம்தான் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அது என்ன சொல் என்று சொல்லாமலே போய்விட்டார்.

நம் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏற்றுமதிக் காகிதங்கள் தட்டச்சு செய்த ஏகாம்பரத்தை உங்களுக்குத் தெரியும். சட்டைப்பையில் இரண்டு பேனா, கக்கத்தில் நீளமான ஒரு நோட்டு, யார் என்ன கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு. பரிசோதனைக் கூடத்தில் கூழின் புளிப்பும் இனிப்பும் பார்த்துக்கொண்டிருந்த ராஜேஸ்வரியையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாய்த்துடுக்குக்காரி என்று நீங்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னதும் எனக்குத் தெரியும். இன்றைக்கு அந்தத் துடுக்கை என்மீதே காட்டப் போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள், இனி யாரும் எதையும் வாங்கலாம் விற்கலாம் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. வெளிநாட்டுக்காரர்களுக்கு டப்பாவில் அடைத்த கூழ் வேண்டாமாம், கிருமி புகாத பையில் அடைத்துத் தர வேண்டுமாம். நம் மேனேஜர் செக் நாட்டிலிருந்து அதற்கான பழைய இயந்திரம் ஒன்றை வரவழைத்தார். கூட வந்த கையேடு முழுக்க முழுக்கச் செக் மொழியில் இருந்தது. அதைப் பொருத்திக் கொடுக்க வந்த பாவெல் என்ற பொறியாளருக்கு அரைகுறை ஆங்கிலம்தான். எங்களுக்கும் அதே அளவுதான். "எக்ஸ்போர்ட் பேப்பர் பாக்கறவன் நீதானே, நீயே பேசிக்கோ" என்று மேனேஜர் ஏகாம்பரத்தை அவருடன் கோத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து ஊருக்குக் கிளம்பிய பாவெல், தன்னுடைய தடித்த ஆங்கில–செக் அகராதியை ஏகாம்பரத்திடம் கொடுத்துவிட்டுப் போனார். சொற்களின் பூர்வீகம் சொல்லும் ஆங்கில அகராதி ஒன்றைத் திருப்பதியில் பழைய புத்தகக் கடையிலிருந்து ஏகாம்பரம் தேடிப் பிடித்தார். பாவெல் இருந்தபோதே தொடங்கிய அந்த நோட்டு, இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வளர்ந்தது.

ஒரு பக்கத்துக்கு ஒரு குடும்பம். ஒரே வேரில் பிறந்த ஆங்கிலச் சொற்களை எல்லாம் வரிசையாக எழுதுவார். எதிரே நான்கு கட்டங்கள்: பொருள், பிறந்த வீடு, செக், தமிழ். முதல் மூன்றை அன்றைக்கே நிரப்பிவிடுவார். நான்காவதற்கு மட்டும் ஒரு சட்டம் வைத்திருந்தார். "கண்ணால பாக்காத சொல்லுக்குத் தமிழ் எழுத மாட்டேன் மேடம். புத்தகத்தைப் பாத்து எழுதினா அது புத்தகத்தோட தமிழ், என்னுது இல்ல." பனி என்ற சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஸ்நோ, செக்கில் ஸ்நீஹ், இரண்டும் ஒரே பாட்டன் வழிப் பிள்ளைகள் என்று எழுதி வைத்திருந்தார். ஆனால் சித்தூர் வெயிலில் உட்கார்ந்து பனிக்குத் தமிழ் எழுத மறுத்துவிட்டார். "பனின்னு எழுதிட்டுப் போங்களேன், யார் கேக்கப் போறாங்க?" என்றேன். "நான் கேப்பேனே" என்றார்.

ரோபோ என்ற சொல்லுக்கு மட்டும் அவர் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை. அது செக் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். அங்கே 'ரொபோட்டா' என்றால் நிலக்காரனுக்குக் குடியானவன் கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய வேலை. பாவெல் கையைக் காலை ஆட்டி அதை விளக்கி முடிப்பதற்குள் ஏகாம்பரம் 'வெட்டி வேலை' என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார். "எங்க நைனா பாத்த வேலை சார் இது. ரெட்டி வூட்டு நெலத்துல. களத்துல சிந்தினதைக் கூட்டி எடுத்துக்கினு வருவாரு, அதான் கூலி." பாவெல் தன் பாட்டனாரும் அதே வேலை செய்தவர்களின் பேரன்தான் என்றார். இந்த இருவருக்கும் அதற்குப் பிறகு ஆங்கிலம் பெரிதாகத் தேவைப்படவில்லை.

பாவெலை ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கடைத்தெருவில் பெருமாள் படம் போட்ட பதக்கங்கள் சரம் சரமாகத் தொங்கின. "டாலர், டாலர்" என்று கடைக்காரர் கூவினார். பாவெலுக்கு ஒன்றும் புரியவில்லை, கையில் இருக்கும் அமெரிக்க நோட்டைக் கேட்கிறாரோ என்று பையைப் பிடித்துக்கொண்டார். ஏகாம்பரம் விழுந்து விழுந்து சிரித்தார். "இது உங்க ஊர்ச் சொல்லு சார்! உங்க நாட்டுல ஒரு பள்ளத்தாக்கு, அங்க வெள்ளி வெட்டிக் காசு அடிச்சாங்க. அந்தப் பள்ளத்தாக்குப் பேருதான் சுத்திச் சுத்தி டாலர் ஆயி, பெருமாள் படத்தோட எங்க கழுத்துல தொங்குது." பாவெல் இரண்டு டாலர் வாங்கினார். ஒன்றை ஏகாம்பரத்தின் கையில் வைத்தார். மேங்கோ என்ற சொல் நம் மாங்காயிலிருந்து போனது என்று ஏகாம்பரம் பதிலுக்குச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "நம்ம வூட்டுப் புள்ள மேடம் அது. கப்பலேறிப் போயி, பேரை மாத்திக்கினு, இப்ப நம்ம லேபிள்லயே வந்து குந்திகினு கீது."

இனி சொல்ல வேண்டியதுதான் எனக்குக் கஷ்டம்.

நம் அலுவலகத்தில் சாப்பாட்டு மேஜை ஒன்று இருந்தது, எட்டு நாற்காலிகளோடு. கணக்கர், ஸ்டோர்ஸ்காரர், நான், இன்னும் நான்கு பேர் அதில் உட்கார்ந்து சாப்பிடுவோம். குழம்பு கைமாறும், ஊறுகாய் கைமாறும், ஊர் வம்பும் கைமாறும். ஏகாம்பரம் மட்டும் பழைய காகிதங்கள் அடுக்கிய அறையில் ஒரு தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து சாப்பிடுவார். அவரை வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வாருங்கள் என்றும் யாரும் சொன்னதில்லை. அவர் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கத்துத் தெரு என்று எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். நகரியில் தறி போட்டுப் பிழைத்த குடும்பம் என்னுடையது, பெரிய சீமாட்டி ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த மேஜையில் எனக்கு ஒரு நாற்காலி இருந்தது, அதைத் தேய்த்துக்கொண்டு ஏழு வருடம் உட்கார்ந்திருந்தேன்.

பாவெல் வந்த முதல் நாள், மேனேஜர் அறையில் ஓட்டல் சாப்பாடும் முள்கரண்டியும் வைத்துக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராகக் காகித அறைக்குள் போய்த் தரையில் சம்மணம் போட முயன்று, முடியாமல், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஏகாம்பரம் தன் களியில் பாதியை எடுத்து வைத்தாராம். அன்று சாயங்காலமே 'ஹோஸ்ட்' என்ற சொல்லுக்கு எதிரே 'விருந்து வைப்பவன்' என்று எழுதியாகிவிட்டது. செக்கில் ஹொஸ்ட் என்றால் வந்த விருந்தாளியாம், வைப்பவனுக்கு 'ஹொஸ்டிடெல்' என்று பெயராம். "ஒரே குடும்பத்துல ஒருத்தன் இலை போடறான், ஒருத்தன் இலைல குந்தறான்" என்று சொல்லிச் சிரித்தார்.

பாவெல் போன சில நாள் கழித்து ஏகாம்பரம் நோட்டைத் திறந்தபடி என் கூடத்துக்கு வந்தார். "இந்தப் பக்கம் சரியா எழுதிக்கீறேனா, கொஞ்சம் பாருங்க மேடம்" என்றார். கம்பெனி, கம்பானியன், பேன்ட்ரி என்று மூன்று சொற்கள். பிறந்த வீடு என்ற கட்டத்தில், லத்தீனில் 'பானிஸ்' என்றால் ரொட்டி, 'கோம்' என்றால் கூட, ஆகவே பேன்ட்ரி என்றால் ரொட்டி வைக்கும் அறை, கம்பானியன் என்றால் கூட உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிறவன், அப்படிப்பட்டவர்கள் சேர்ந்ததுதான் கம்பெனி என்று மணி மணியாக எழுதியிருந்தது. செக்கில் ஸ்பொலெச்னொஸ்ட், ஸ்பொலெச்நீக், ஸ்பீஷ். தமிழ்க் கட்டம் காலி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அகராதியைப் புரட்டி, "ஸ்பொலெச்நீக்ல சி-க்கு மேல ஒரு கொக்கி விட்டுட்டீங்க" என்று சிவப்புப் பேனாவால் ஒரு கொக்கி போட்டுக் கொடுத்தேன். தமிழ்க் கட்டத்தைப் பார்த்து, "இதுக்குக் கூடவா கண்ணால பாக்கணும்? பாவெல்தான் உங்க கூடச் சாப்பிட்டாரே" என்றும் கேட்டேன். "அவரு விருந்தாளி மேடம். வந்தாரு, போயிட்டாரு. தினமும் கூட இருக்கறவங்க சாப்பிடறதைப் பாத்துட்டு எழுதறேன்" என்றார். நின்றார். இன்னும் கொஞ்சம் நின்றார். நான் அடுத்த குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் புளிப்புப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். "கொக்கிக்கு தேங்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு சொல்லைச் சரிபார்க்க வந்தவர் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரு நாற்காலி. இத்தனை படித்த எனக்கு அது விளங்கவில்லை என்று எழுதினால் பொய். எங்கோ விளங்கியிருக்கிறது, அதனால்தான் அவ்வளவு அவசரமாகக் குப்பியை எடுத்திருக்கிறேன்.

அடுத்த மாம்பழப் பருவத்தில் ஒரு நாள் ஏதோ ஒரு அற்ப விஷயத்துக்குக் கணக்கரோடு எனக்கு வாய்ச்சண்டை. டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு விருட்டென்று எழுந்து போனவள், போக வேறு இடமில்லாமல் காகித அறைக்குள் நுழைந்தேன். ஏகாம்பரம் தன் துண்டால் இன்னொரு பெட்டியைத் தட்டிப் போட்டார். "குந்துங்க மேடம். களி துன்னுவீங்களா?" களியும் வேர்க்கடலைச் சட்னியும் தின்றேன். காரம் கண்ணைப் பிடுங்கியது. அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் அங்கேதான் சாப்பாடு. வெளியில் சொல்லிக்கொள்ளாவிட்டாலும் மனதுக்குள் எனக்கு நானே ஒரு மாலை போட்டுக்கொண்டேன். அந்தக் கட்டத்தை அவர் அன்றைக்கே நிரப்பியிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். கேட்டுப் பார்க்கவில்லை.

தொழிற்சாலை கைமாறி நாம் எல்லோரும் திசைக்கொருவராகப் போனது உங்களுக்குத் தெரிந்த கதை. ஏகாம்பரம் திருப்பதிக்குக் குடிபோனார். அவர் மகள் மேகலா கம்ப்யூட்டர் படித்து, வேலை கிடைத்துப் போன ஊர் எது தெரியுமா? பாவெலின் நாட்டில் ப்ர்னோ. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ரொட்டிக்கு ஹ்லேப் என்று தெரியும் அல்லவா, பயமில்லாமல் போனாள். ஒரு குளிர்காலம் அப்பாவையும் அழைத்துக்கொண்டாள். ரேணிகுண்டாவில் விமானம் ஏறும்போது நோட்டும் கக்கத்தில் இருந்தது. அங்கிருந்து எனக்கு ஒரு அட்டை வந்தது. அதில் ஒரே வரி: "மேடம், பனி எழுதியாச்சு."

பதினாறாம் நாள் காரியத்துக்குத் திருப்பதி போனேன். நம் பழைய ஆட்கள் பலர் வந்திருந்தீர்கள், கணக்கரும் ஊன்றுகோலோடு வந்திருந்தார். வரிசையாக இலை போட்டார்கள். அந்த மேஜைக்காரர்கள் அத்தனை பேரும் ஏகாம்பரத்தின் வீட்டில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. காலம் மாறிவிட்டது என்று கணக்கர் சந்தோஷமாகவே சொன்னார்.

சாப்பாடு முடிந்ததும் மேகலா நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "இது உங்களுக்குன்னு நைனா சொல்லிகினே இருந்தாரு ஆன்ட்டி." நான் நேராக அந்தப் பக்கத்துக்குத்தான் போனேன். என் சிவப்புக் கொக்கி அப்படியே இருந்தது. தமிழ்க் கட்டம் காலி. முன்னும் பின்னும் எல்லாப் பக்கங்களையும் நிரப்பியிருந்தார், பனிகூட அங்கே இருந்தது. இது மட்டும் இல்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு மேகலா சொன்னாள்: "நானும் ஒருவாட்டி கேட்டேன் ஆன்ட்டி, அதான் ராஜி ஆன்ட்டி உன் கூடச் சாப்பிட்டாங்களே, எழுதேன் நைனான்னு. 'அவங்க என் மூலைக்கு வந்தாங்கம்மா. நல்ல மனசு. ஆனா அந்த மேசைல எட்டு நாற்காலி இருந்துச்சி, ஏழு பேருதான் குந்துவாங்க'ன்னாரு. கோவமா இல்ல ஆன்ட்டி, சிரிச்சிக்கினுதான் சொன்னாரு."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. காலியாக இருந்த அந்த எட்டாவது நாற்காலியில் நாங்கள் கைப்பைகளை வைப்போம்.

கொஞ்சம் தேறியதும் பேனாவை எடுத்தேன். பக்கத்துப் பந்தியில் கணக்கரும் ஏகாம்பரத்தின் தம்பியும் ஒரே தாம்பாளத்திலிருந்து வெற்றிலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எழுதிவிடலாம் என்றுதான் இருந்தது. இத்தனை பேர் இன்று சேர்ந்து சாப்பிட்டதை நான் பார்த்தேனே. ஆனால் பார்த்தது நான். அவர் பார்க்கவில்லை. பேனாவை மூடிவிட்டேன்.

அவருடைய நோட்டு இப்போது என் வீட்டில் இருக்கிறது. ரோபோவும் டாலரும் மேங்கோவும் பனியும் அவருடையவை. அந்த ஒரு காலிக் கட்டம் மட்டும் என்னுடையது, அந்த மேஜையில் உட்கார்ந்த உங்களுடையதும்கூட. வந்து பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம். நிரப்பித் தரச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள்.