தேன்சிட்டுக் கூட்டை மறைத்திருந்த கிளை

தீவில் மின்னி பே என்ற இடத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கடலை நோக்கி இறங்கும் சரிவு முழுக்க வெறும் புதர்தான். உன்னிச்செடி, முள், இடுப்பளவு புல். மழை இல்லாத மாதங்களில் எல்லாம் பழுப்பாகக் கிடக்கும். அந்தப் புதரிலிருந்துதான் தேன்சிட்டு எங்கள் முன்வாசலுக்கு வந்தது.

வந்தது பெண். தாழ்வாரத் தகரத்திலிருந்து தொங்கிய பழைய கேபிள் வயரின் நுனியில் சிலந்தி வலையைச் சுருட்டிச் சுருட்டி ஒட்டியது. காய்ந்த புல், பஞ்சு, எங்கள் வீட்டுக் காலண்டரின் கிழிந்த துணுக்கு எல்லாம் சேர்ந்து, கீழே வால் தொங்கும் ஒரு சின்னப் பை ஆனது. பக்கத்தில் ஒரு வாசல், வாசலுக்கு மேலே மழை தடுக்கக் கூரை மாதிரி ஒரு நீட்டல். முன்னால் செம்பருத்தியின் இரண்டு கிளைகள் வளைந்து அதை மறைத்துக்கொண்டிருந்தன. இடத்தைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறது.

ஆண் மஞ்சள் வயிறும், வெயிலில் மினுக்கும் நீலத் தொண்டையுமாகக் கம்பியில் உட்கார்ந்து பாடியது. பாட்டு சலித்தால், நிறுத்தி வைத்த பைக்கின் கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சண்டை போட்டது. கண்ணாடிக்கு நான் துணி கட்டினேன். கூட்டுக்கு அது ஒரு நார்கூடக் கொண்டுவரவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஹேவ்லாக் தீவு ஞாபகம் வந்தது. என் கணவர் அங்கே டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறார். சீசனில் எப்போதாவது போட் ஏறி வருவார், புதுச் சட்டையோடு.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். தெரிந்தது கொஞ்சம், பயப்படுவது நிறைய. முட்டை இட்ட பிறகு பூனைக்குப் பயந்தேன், ஓணானுக்குப் பயந்தேன், காற்றுக்குப் பயந்தேன். வாசல் கொடியில் துணி போடுவதை நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டு வங்காளி தீதிக்கு அது பெரிய வேடிக்கை.

"அரே பஹன், சிடியா என்ன உன் சாஸா? இவ்ளோ டர்ற?"

குருவி என்ன உன் மாமியாரா என்கிறாள். நிஜ மாமியாருக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

இரண்டு குஞ்சுகள் பொரிந்தன. அப்போது ஒன்று நடந்தது. பாடிக்கொண்டு திரிந்த அந்த ஆண், அலகில் சிலந்தியோடு வர ஆரம்பித்தது. பெண் ஊட்டிவிட்டுப் போகும், இது வரும். இது போகும், அது வரும். மனதுக்குள் நான் அதைத் திட்டியதெல்லாம் வீண். எனக்கு நிம்மதி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

குஞ்சுகளுக்கு இறகு முளைத்திருந்த சமயத்தில் அவர் வந்தார். கூட்டை அண்ணாந்து பார்த்தார்.

"இதெல்லாம் ஒரு கலரா. எங்க ராமநாதபுரத்துக் கருவக்காட்டுல இருக்கும் பாரு தேன்சிட்டு, கருநீலம். வெயில் பட்டா பத்தி எரியிற மாதிரி இருக்கும்."

கூடு கட்டும் சீசன் முடிந்தால் அந்தக் கருநீலமெல்லாம் உதிர்ந்து, தொண்டையில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சும் என்பதை அவர் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் அங்கே போயிருந்தபோது நானே பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை தண்ணீர் விடும் நேரம். நான் தெருக்குழாயில் டிரம் நிரப்பிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது வாசலில் வெளிச்சம் அதிகமாக இருந்தது. செம்பருத்திக் கிளைகள் கீழே கிடந்தன. அவர் ஸ்டூல் மேல் நின்று போனை நீட்டிக்கொண்டிருந்தார்.

"கிளைய ஏன் வெட்டுனீங்க?"

"வீடியோ இருட்டா விழுகுது புள்ள. கெஸ்டுக்குக் காட்டணும். பறவை பாக்கவே ஆளுக வாராங்க, ஜீப்ப நம்மகிட்டயே எடுப்பாங்கல்ல."

"காக்கா பாத்துரும்."

"உனக்கு எதத் தொட்டாலும் பயம். கப்பல்ல ஏறுனா முழுகும்ப, சிலிண்டர் மாத்துனா வெடிக்கும்ப. இது வரைக்கும் ஒண்ணாவது நடந்திருக்கா?"

நடந்ததில்லை. கீழே கிடந்த கிளைகளைப் பொறுக்கினேன்.

மத்தியான போட்டில் அவர் போய்விட்டார். வெட்டிய கிளைகளைக் கயிற்றால் கட்டிப் பார்த்தேன், வெயிலில் வாடிச் சுருண்டன. பழைய லுங்கியைத் திரையாகத் தொங்கவிட்டேன். தாயும் தகப்பனும் உள்ளே வராமல் கம்பியிலிருந்து கத்தின, கூட்டுக்குள் குஞ்சுகளும் கத்தின. லுங்கியை அவிழ்த்தேன். காக்கை வந்தால் விரட்ட, துணி உலர்த்தும் கம்போடு படியில் உட்கார்ந்தேன். தீதி எட்டிப் பார்த்தாள்.

"டியூட்டியா?" என்றாள்.

மறுநாளும் உட்கார்ந்தேன். சோறு பொங்கும் சத்தம் கேட்டு அடுப்பை அணைக்க உள்ளே போனேன், அவ்வளவுதான். நான் வருவதற்குள் பை அடியோடு கிழிந்து தொங்கியது. காக்கை எதிர்க் கூரையில் உட்கார்ந்து அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது.

பெண் சிலந்தியோடு வந்தது. வயரில் உட்கார்ந்தது, பறந்தது, மறுபடி உட்கார்ந்தது. ஆணும் வந்தது. அதன் அலகிலும் ஏதோ இருந்தது. இருட்டும்வரை இரண்டும் கொண்டுவந்ததைக் கீழே போடவே இல்லை. நான் நினைத்துப் பயந்தவற்றில் அப்படியே பலித்தது இது ஒன்றுதான். அதில் எனக்கு என்ன பெருமை?

இரவு அவர் போன் செய்தார்.

"வீடியோ சூப்பராம். ஒரு கெஸ்ட் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தாங்க."

"காக்கா தூக்கிருச்சு."



"சரி விடு. குருவிதான, மறுபடி கட்டும்."

மறுபடி கட்டியது. செம்பருத்தி துளிர்த்த பிறகும் வாசலுக்கு வரவில்லை. பெண் என் துணிக்கொடிக் கம்பத்திலிருந்து சிலந்தி வலையை இழுத்துக்கொண்டு வீட்டைத் தாண்டிப் போகிறது. பின்சரிவில் முள் அடர்ந்த ஓர் இடத்தில் இறங்குகிறது. எந்த இடம் என்று போய்ப் பார்க்கவில்லை. நான் நடந்தால் புல்லில் வழி விழும்.

போன தடவை வந்தபோது அவர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். கையில் போன் இருந்தது.

"என்ன, இந்த வருசம் வரலையா?"

"இல்லைங்க," என்றேன். பின்பக்கத்துச் சன்னலை முன்பே சாத்தியிருந்தேன்.